‘புள்ளியியல் படித்து என்ன ஆவாள்?’ – ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

நாமக்கல் மாவட்டத்தின் விசைத்தறி ஊர் ஒன்றிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பன்னிரண்டு தறிகளைப் போட்டுக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவருடைய ஒரே மகள் ஆறாம் வகுப்பிலிருந்து உள்ளூர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலேயே தமிழ்வழியில் படித்து, இந்த மே மாதம் 12ஆம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணிதத்தில் 86, இயற்பியலில் 71, வேதியியலில் 74. பொறியியலுக்கான கட்ஆஃப் 200க்கு 158.5.

தந்தை ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஏ.ஐ. டேட்டா சயின்ஸ் பிரிவுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி வைத்திருக்கிறார். ஆண்டுக் கட்டணம் தவிர நான்கு லட்சம் ரூபாய் ‘நன்கொடை’; அதற்கு ரசீது கிடையாது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் 25,000 ரூபாய் முன்பணத்தோடு, மாற்றுச் சான்றிதழையும் பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழையும் ஒப்படைத்து இடத்தை உறுதிசெய்ய வேண்டுமாம். பணத்துக்காக நான்கு தறிகளை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது. மகளோ, பி.எஸ்சி. புள்ளியியல்தான் படிப்பேன், சென்னையில் படிப்பேன், எனக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காது என்று மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாள். புள்ளியியல் படித்தால் வாத்தியார் வேலைதான், அதுவும் கிடைக்காது என்று தாய்மாமன் சொல்கிறார்.

கடிதத்தின் நடுவே ஒரு குறையையும் எழுதியிருக்கிறார். திருப்புதல் தேர்வு நேரத்தில் படிக்க வேண்டிய பெண், தறிக்கூடத்தில் உட்கார்ந்து எந்தத் தறியில் எந்த ஷிப்டில் பாவு இழை (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) எத்தனை முறை அறுகிறது என்று 43 நாள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாளாம். ஒன்பதாம் தறியில்தான் கோளாறு, நூலில் இல்லை என்றாளாம். “அதன் பிறகு ஒன்பதாம் தறியின் நாடாவை மாற்றினோம், அவள் சொன்னதற்காக மாற்றினோம் என்று இல்லை” என்று எழுதியிருக்கிறார். நாடா என்பது ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவின் ஊடே ஓடும் ஓடம்.

அவர் கேட்பவை இரண்டு: புள்ளியியல் படித்து அவள் என்ன ஆவாள்? வெள்ளிக்கிழமை பணத்தைக் கட்டட்டுமா?

அன்புள்ள ஐயா,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் குறித்திருக்கிறார்கள். கட்டாதீர்கள். உங்கள் மகள் பொறியியல் படிக்கக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அவள் பொறியியலே படிப்பதாக முடிவானாலும் அந்தப் பணத்தை நீங்கள் கட்டத் தேவையில்லை என்பதே பொருள்.

நீங்கள் தாண்டிப் போன ஒரு வரி

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தாள் என்பதை ஏதோ வருத்தத்தோடு, வசதியில்லாததால் என்ற குறிப்போடு எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் உங்கள் குடும்பத்துக்கு மிகப் பெரிய சொத்து அந்த வரிதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்க 2021இல் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த இடங்களுக்குப் போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டுமே என்பதால், பொதுத் தரவரிசையில் உங்களை அச்சுறுத்துகிற 158.5 என்ற எண்ணுக்கு அங்கே வேறு மதிப்பு.

இந்தச் சலுகை நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. அதாவது, தறியை விற்று நீங்கள் வாங்கப் போகிற இடத்தைப் போன்ற ஒன்றை, ஒருவேளை அதைவிட நல்ல கல்லூரியில், அவள் கட்டணமில்லாமல் பெறக்கூடிய வாய்ப்பை நீங்களே பணம் கொடுத்து மூடப் பார்க்கிறீர்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதைத் தரவரிசைப் பட்டியல் வரும் முன் என்னால் உறுதி சொல்ல முடியாது. வேறு எவரும் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் விண்ணப்பிக்காமலே விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

பணமும் சான்றிதழும்

அந்த நான்கு லட்சத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் சேர்க்கைக்காக வாங்கப்படும் பணம், எந்தப் பெயரில் வாங்கினாலும், தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். ரசீது தராததற்குக் காரணம் அதுதான். நாளை மகள் அங்கே படிக்கப் பிடிக்காமல் வெளியே வந்தால், கொடுத்தேன் என்று சொல்ல உங்களிடம் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

சான்றிதழ் விஷயம் அதைவிட அவசரமானது. மாணவரின் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், தங்களிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. விதியும் அப்படியே சொல்கிறது. படிப்பை விட்டு விலகினால் எந்த நாளுக்குள் எவ்வளவு கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் வரையறை உண்டு. ஆனாலும் விதி இருப்பதும், ஜூலை மாதத்தில் ஒரு கல்லூரி அலுவலக வாசலில் நின்று அந்த விதியைக் காட்டிச் சான்றிதழை மீட்பதும் ஒன்றல்ல. அப்படி அலைந்த பெற்றோர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மாற்றுச் சான்றிதழ் இன்னொருவர் பீரோவில் இருக்கும்போது கலந்தாய்வில் வேறு இடம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? வெள்ளிக்கிழமை என்பது அந்தக் கல்லூரி தன் வசதிக்கு வைத்த கெடு. உங்களுக்குரிய கெடுக்களைக் கடைசியில் சொல்கிறேன்.

பிரிவின் பெயர் வேறு, பாடம் வேறு

இனி உங்கள் முதல் கேள்வி. ஒரு பிரிவின் பெயரைப் பார்த்து அதில் என்ன சொல்லித் தருவார்கள் என்று முடிவு செய்வது, பாவின் நிறத்தைப் பார்த்து நூலின் நம்பரை, அதாவது பருமனைச் சொல்வதைப் போன்றது. நீங்களும் மகளும் இரண்டு பக்கமும் நின்று சண்டை போடுகிற இரண்டு பெயர்களையும் பிரித்துப் பார்ப்போம்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.ஐ. டேட்டா சயின்ஸ் எடுத்த மாணவி முதல் ஆண்டில் படிப்பது அணிகளும் நுண்கணிதமும், இயற்பியல், வேதியியல், பைத்தான் நிரலாக்கம், பொறியியல் வரைகலை. இரண்டாம் பருவத்தில் ஒரு தாள் – புள்ளியியலும் எண்ணியல் முறைகளும். செயற்கை நுண்ணறிவு என்று நாம் மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்தான் வருகிறது. வரும்போது அதன் அடியில் நிகழ்தகவும் புள்ளியியலும் இருக்கின்றன. ஆக, நீங்கள் வாங்கித் தர விரும்பும் படிப்பின் அடித்தளம்தான் அவள் கேட்கும் படிப்பு.

பி.எஸ்சி. புள்ளியியலில் முதல் ஆண்டு நிகழ்தகவுக் கோட்பாடும், விவரப் புள்ளியியலும், துணைப்பாடமாகக் கணிதமும், தமிழும் ஆங்கிலமும். பிறகு பரவல்கள், மாதிரிக் கணக்கெடுப்பு முறைகள், மதிப்பீட்டுக் கோட்பாடு, கருதுகோள் சோதனை, சோதனை வடிவமைப்பு, தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு. இந்த வரிசை கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். இது வெறும் அட்டவணை போடும் படிப்பு என்று தாய்மாமன் நினைக்கிறார் போலிருக்கிறது. உண்மையில் இரண்டாம் ஆண்டில் பாதி நேரம் தொகையிடலும் நிறுவல்களுமாகத்தான் போகும்.

இந்த இடத்தில் உங்கள் மகளின் நினைப்பையும் திருத்த வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் பிடிக்காது, அதனால் புள்ளியியல் என்று அவள் சொல்வது ஒத்துவராது. இன்றைக்கு ஆர், பைத்தான் ஆகிய இரண்டு நிரல்மொழிகளில் ஒன்றாவது தெரியாமல் புள்ளியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. ஒரு வேளை அவளுக்குப் பிடிக்காதது கணினியாக இல்லாமல், மூன்று வாரமாக வீட்டில் அந்தச் சொல் பேசப்படும் விதமாக இருக்கலாம். அதை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன். ஆர் என்பது உலகெங்கும் புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருள். அதை நிறுவினால், கற்பவர்கள் பழகிப் பார்க்கச் சில தரவுத் தொகுப்புகளும் கூடவே வரும். அவற்றில் ஒன்றின் பெயர் ‘வார்ப்பிரேக்ஸ்’. பாவு அறுதல் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. இரண்டு வகைக் கம்பளி நூல், குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவு இழுவிசை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒன்பது தறிகள். ஒவ்வொன்றிலும் பாவு இழை எத்தனை முறை அறுந்தது என்று மொத்தம் 54 வரிகள். மான்செஸ்டரில் பருத்தித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிப்பெட் என்ற புள்ளியியலாளரின், 1950இல் வெளிவந்த நூலிலிருந்து எடுக்கப்பட்ட எண்கள் அவை. அறுவதற்குக் காரணம் நூலா, இழுவிசையா, இரண்டும் சேர்ந்த ஏதோ ஒன்றா என்று பிரித்தறிவது எப்படி என்பதைக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அந்த எண்களை வைத்துத்தான் பழகுகிறார்கள்.

உங்கள் மகள் செய்தது இதே வேலையைத்தான். தறி, ஷிப்டு என்று இரண்டு காரணங்களைத் தனித்தனியாகக் குறித்திருக்கிறாள். எல்லாத் தறியிலும் ஒரே நூல் ஓடும்போது ஒன்றில் மட்டும் அறுவது கூடினால் குற்றம் நூலில் இருக்க முடியாது என்று யோசித்திருக்கிறாள். தேய்ந்து பிசிறடித்த நாடா பாவை உரசி அறுக்கும் என்பது உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். அவள் அதை எண்ணி வந்து சேர்ந்திருக்கிறாள். சோதனை வடிவமைப்பு என்ற பாடத்தை அதன் பெயர் தெரியாமலே தொடங்கிவிட்ட பெண் அவள்.

ஆனால், ஒரு நோட்டை வைத்து ஒரு பெண்ணின் படிப்பை முடிவு செய்வதும் சரியல்ல. ஒரே ஒரு மாதிரியிலிருந்து முடிவுக்கு வராதே என்பது அந்தப் பாடத்தின் முதல் எச்சரிக்கை. அதனால் இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். 12ஆம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் 11ஆம் பாடம் நிகழ்தகவுப் பரவல்கள். தேர்வு முடிந்துவிட்டது, மதிப்பெண் கவலை இனி இல்லை. அந்தப் பாடத்தின் பயிற்சிக் கணக்குகளையும், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்ற பாடத்தையும் இரண்டு நாள் அவளாக உட்கார்ந்து போடட்டும். விடை சரியா தவறா என்பதை விட்டுவிடுங்கள். சிக்கிக்கொண்டபோது அவள் எழுந்து போனாளா, தாளைத் திருப்பி மறுபடி தொடங்கினாளா என்று மட்டும் பாருங்கள். எழுந்து போனால் அவளுக்குப் பிடித்தது எண்ணுவது, நிறுவுவது அல்ல. அப்போது பொருளியலோ, பொறியியலோ, வேறொன்றோ பொருந்தலாம்.

சராசரி ஆறு லட்சம்

அந்தக் கல்லூரியின் கையேட்டில் ‘வேலைவாய்ப்பு நூறு விழுக்காடு, சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 6 லட்சம்’ என்று போட்டிருப்பதை எழுதியிருக்கிறீர்கள். பத்துப் பேருக்கு வேலை கிடைத்ததாக வையுங்கள். ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம். ஒருவருக்கு மட்டும் 33 லட்சம். கூட்டினால் 60 லட்சம், பத்தால் வகுத்தால் சராசரி 6 லட்சம். கையேடு பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 6 லட்சத்தை வாங்குகிறவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் இல்லை. சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலை அளவு என்ன என்று உங்கள் மகளைக் கேளுங்கள், 3 லட்சம் என்று காகிதம் இல்லாமலே சொல்வாள். கல்லூரியிடமும் அதையே கேளுங்கள். அதோடு, நூறு விழுக்காடு என்பது படித்த எல்லாரிலுமா, வளாகத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்களில் மட்டுமா, அரியர் இல்லாதவர்களில் மட்டுமா என்றும் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தருகிற கல்லூரி நம்பத் தகுந்தது.

கம்ப்யூட்டர் என்றால் வேலை உறுதி என்ற நம்பிக்கைக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு குறிப்பு. 2008ஆம் ஆண்டு உலகப் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து, கம்ப்யூட்டர் வேண்டவே வேண்டாம், மெக்கானிக்கல், சிவில் என்றால் என்றைக்கும் வேலை உண்டு என்று பெற்றோர் என் மேசைக்கு முன் உட்கார்ந்து அடித்துப் பேசினார்கள். நானும் தலையாட்டி அனுப்பிய இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்கள் வெளியே வந்தபோது காற்று மறுபடி திசை மாறியிருந்தது. அதற்குப் பிறகு நான் சந்தை நிலவரத்தை மட்டும் வைத்து எவருக்கும் பிரிவு சொன்னதில்லை. இப்போது நிலைமை இன்னும் கூர்மையாக இருக்கிறது: 2024-25 முதல், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் வைக்கலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டதால், கணினி சார்ந்த இடங்கள் பெருகிவிட்டன. உங்கள் மகள் நான்கு ஆண்டு கழித்து வெளியே வரும்போது அதே பட்டத்தோடு வரிசையில் நிற்பவர்கள் இன்றைவிட அதிகமாக இருப்பார்கள். படிப்பை விரும்பிச் செய்கிறவளுக்கு அந்த வரிசை பிரச்சினையில்லை. உங்களுக்காகச் செய்கிறவளுக்குத்தான் பிரச்சினை.

என்ன ஆவாள்?

வாத்தியார் வேலை கேவலமானதல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தவிர, மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. பட்டப்படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகவோ முதுகலையில் அதையேவோ படித்திருந்தால்தான் எழுத முடியும், பொறியியல் பட்டதாரிகளில் பெரும்பாலோருக்கு அந்த வாசல் திறக்காது. தமிழ்நாட்டுப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்குப் பணியாளர்களை டி.என்.பி.எஸ்.சி. எடுக்கிறது. காப்பீட்டுத் துறையில் அபாயத்தையும் பிரீமியத்தையும் கணக்கிடும் ஆக்சுவரி என்ற தொழில் உண்டு. அதற்கு நுழைவுத் தேர்வும் நீண்ட தேர்வு வரிசையும் கடக்க வேண்டும், கடந்தால் வருமானம் நன்றாக இருக்கும். மருந்து நிறுவனங்களின் மருத்துவச் சோதனைப் பிரிவு, வங்கிகளின் கடன் அபாயக் கணிப்பு, சந்தை ஆய்வு ஆகியவற்றிலும் இந்தப் படிப்பைக் கேட்டே எடுக்கிறார்கள். சில பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பி.எஸ்சி. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, பணியில் இருந்தபடியே எம்.டெக். படிக்கவும் வைக்கின்றன. குரூப்-1 உள்ளிட்ட தேர்வுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். நல்ல வேலைகளில் பெரும்பாலானவை எம்.எஸ்சி.யைக் கேட்கும், ஆக, மூன்று ஆண்டுப் படிப்பு ஐந்து ஆண்டு ஆகும். அந்த எம்.எஸ்சி.யை ஐ.ஐ.டி.யில் படிக்க வேண்டுமானால் ‘ஜாம்’ தேர்வில் கணிதப் புள்ளியியல் தாளை எழுத வேண்டும்; அதற்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே தயாராக வேண்டும். பொறியியல் கல்லூரிக்கு வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் கலை அறிவியல் கல்லூரிக்கு அந்த அளவில் வருவதில்லை. தமிழ்வழியில் படித்தவளுக்கு முதல் ஆண்டு ஆங்கிலப் பாடநூல் மலையாகத் தெரியும். திட்ட விலக்கமும் விலக்க வர்க்கச் சராசரியும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான் என்றாலும், ஆங்கிலப் பெயரில் அவை எதிரே வந்து நிற்கும்போது அடையாளம் காண ஒரு பருவம் பிடிக்கும். அந்த ஒரு பருவத்தில் மதிப்பெண் குறைந்தால், ‘அப்பவே சொன்னேனே’ என்று வீட்டில் எவரும் சொல்லாமல் இருக்க வேண்டும்.

புள்ளியியல் என்ற பெயரிலும் கவனம் வேண்டும். டேட்டா அனலிட்டிக்ஸ், பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்று புதுப் பெயர்களில் பட்டங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் அரசு வேலைக்குப் போகும்போது, இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையானதா என்ற கேள்வி எழுந்து, அதற்கு அரசாணை தேடி அலைகிற பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன். ‘புள்ளியியல்’ என்று சான்றிதழில் இருப்பது அந்த அலைச்சலைத் தவிர்க்கும். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் புள்ளியியல் துறைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. எந்தக் கல்லூரியானாலும், துறையில் கணினி ஆய்வகம் உண்டா, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே எம்.எஸ்சி. சேர்ந்தார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

இவற்றோடு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் இணைய வழியில் தரவு அறிவியல் பி.எஸ். பட்டம் நடத்துகிறது, ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றைக் கடந்தால் போதும். முழுப் பட்டம் வரை போகாமல் இடையில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் முடியும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்துவிட்டது. புள்ளியியலைக் கல்லூரியிலும் இதை இணையத்திலும் சேர்த்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுமை அதிகம், முதல் ஆண்டிலேயே தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் எடுத்த பாடம்தான் தலையெழுத்து என்ற பயமும் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. இந்தியா கண்ட மிகப் பெரிய புள்ளியியலாளரான சி.ஆர். ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதம். இராணுவ நில அளவைப் பிரிவில் ஒரு வேலைக்கான நேர்காணலுக்குக் கல்கத்தா போனவர், அங்கே புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு 1941இல் அதில் சேர்ந்தார். 2023இல், 102 வயதில், புள்ளியியலுக்கான பன்னாட்டுப் பரிசைப் பெற்றார். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. இளங்கலைக்கும் முதுகலைக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். புள்ளியியலிலிருந்து கணினிக்கும் அந்தக் கதவு வழியே போக முடியும்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் மே மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. அதை முதலில் போடுங்கள். தனியார், உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வுப் பதிவு அண்மை ஆண்டுகளில் மே முதல் வாரம் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை இருந்திருக்கிறது. அதிலும் பதிவு செய்து, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டைத் தவறாமல் குறிப்பிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். சாதி, வருமானச் சான்றுகளையும், குடும்பத்தில் வேறு பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றையும் இ-சேவை மையத்தில் எடுத்து வையுங்கள். இரண்டு இடத்திலும் விண்ணப்பிப்பது உறுதியில்லாமையைக் காட்டாது. முடிவெடுக்க உங்களுக்கு ஜூலை வரை நேரம் வாங்கித் தரும்.

அவள் எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கு வரும். சென்னையில் தங்குவது பற்றிய உங்கள் கவலைக்கு, இப்போது சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் அரசுக் கல்லூரி மாணவியர் விடுதிகளில் விசாரியுங்கள். மகளையும் அம்மாவையும் அழைத்துப் போய் அறையையும் சமையலையும் பார்த்துவிட்டு வாருங்கள். எப்படியும் பணம் போதாது என்றால், வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை அடமானம் தேவையில்லை. படிப்புக் காலத்தோடு மேலும் ஓராண்டு தவணை தொடங்காது. தறிகள் அப்படியே இருக்கட்டும், அவை உங்கள் வருமானம்.

என் கருத்தைக் கேட்டால்: 11ஆம் பாடத்தில் அவள் தாளைத் திருப்பி மறுபடி தொடங்குகிறவளாக இருந்தால், பழைய துறையுள்ள ஒரு கல்லூரியில் புள்ளியியலுக்கு அனுப்பிவையுங்கள், நிரலாக்கத்தை முதல் ஆண்டு விடுமுறையிலேயே பழக வேண்டும் என்ற நிபந்தனையோடு. இல்லையென்றால், அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் கிடைக்கும் பொறியியல் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். நிர்வாக ஒதுக்கீடு இரண்டு கணக்கிலும் வரவில்லை. அவளுக்கும் இன்னும் சில மாதங்களில் 18 வயது நிறைகிறது. கையெழுத்து இனி அவளுடையது.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ஒன்பதாம் தறியின் நாடாவை மாற்றினீர்கள். மாற்றிய பிறகு இழை அறுவது குறைந்ததா? நீங்கள் எழுதவில்லை. அவள் மாற்றியதற்குப் பின்னும் எண்ணியிருப்பாள் என்று நினைக்கிறேன். நோட்டை வாங்கிப் பாருங்கள்.